பேத்திக்கு அலர்ஜி டெஸ்ட் எடுக்கணுமா?

ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து, ரத வீதியில் மறுபடி நிம்மதியாக நடக்கலாம் என்று ஆன வாரத்தில், எங்கள் வீட்டுக்குள் ஒரு கலவரம். பிரசவத்துக்கு வந்த மகள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். மாப்பிள்ளை சென்னையில். பேத்திக்கு ஏழு மாதம். தாய்ப்பாலோடு கேழ்வரகுக் கூழ், குழைந்த பருப்புச் சோறு, இட்லி என்று ஒவ்வொன்றாக ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டையில் மஞ்சள் கரு நாலைந்து தடவை கொடுத்தாயிற்று. வெள்ளைக் கரு முந்தின வாரம் சுண்டைக்காய் அளவு கொடுத்தோம், ஒன்றும் செய்யவில்லை. அன்று காலை கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாள் ஆச்சி. (என் மனைவிக்கு இப்போது வீட்டில் அதுதான் பெயர்.)

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "எப்பா, பிள்ளை மூஞ்சியப் பாருங்க!" என்று மகள் கத்தினாள். வாயைச் சுற்றியும் கன்னத்திலும் பத்தை பத்தையாகத் தடிப்பு. கழுத்து வரைக்கும் சிவப்பு. ஒரு தடவை வாந்தி எடுத்தாள். அப்புறம் அழுது ஓய்ந்து தூங்கிவிட்டாள். மூச்சில் ஒன்றும் கோளாறு இல்லை. ஒரு மணி நேரத்தில் தடிப்பு வந்த சுவடே தெரியாமல் மறைந்துவிட்டது.

"காணாக்கடியாத்தான் இருக்கும். பாயில ஏதோ பூச்சி" என்றாள் ஆச்சி. நம் ஊரில் இதற்கு எவ்வளவு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். கடித்தது எது என்று காணவில்லை, கடி மட்டும் தெரிகிறது, அதனால் காணாக்கடி. நானும் என் பங்குக்கு, எழுபதைத் தாண்டியவர்கள் எல்லாரும் சொல்லும் வசனத்தைச் சொன்னேன்: "நம்ம காலத்துல ஏதும்மா அலர்ஜி? எல்லாத்தையும் தின்னுதான வளர்ந்தோம்." மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு அந்த வசனத்தை நான் மறுபடி சொல்லவில்லை.

சொல்லியிருக்கவும் கூடாது. கருவூலத்தில் என் பக்கத்து நாற்காலியில் பல வருஷம் இருந்த நண்பர் ஒருவருக்கு இறால் ஆகாது. ஆகாது என்பது அவருக்கே முதலில் தெரியாது. தூத்துக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், உதடு வீங்கி, குரல் அடைத்து, அப்படியே திண்ணையில் சரிந்தார். அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸம்மா தொடையில் ஒரு ஊசி போட்டார். அட்ரினலின். ஐந்தே நிமிஷத்தில் மனிதர் பேசினார். அதே காலத்தில்தான் நானும் அவரும் வேலை பார்த்தோம். ஆகவே "நம்ம காலத்துல" இருந்தது. பெயர்தான் வேறாக இருந்தது. சேராது, ஒத்துக்காது, கரப்பான் பண்டம், கிரந்தி என்று ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டோம். பெயர் தெரியாமலே போய்ச் சேர்ந்த குழந்தைகளைத் தோஷம் என்று எழுதி முடித்துவிட்டோம்.

எங்கள் ஊர்க் குழந்தை டாக்டர் கேட்டது நாலு கேள்வி. என்ன சாப்பிட்டாள், எவ்வளவு, எத்தனை நிமிஷத்தில் வந்தது, எவ்வளவு நேரத்தில் போனது. அவ்வளவையும் மகள் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தாள், செல்போனில் படமும் எடுத்திருந்தாள். (என் மகள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.) "முட்டை அலர்ஜி மாதிரிதான் தெரியுது. இப்போதைக்கு முட்டையை நிறுத்துங்க. முட்டைக்கு மட்டும் ஒரு டெஸ்ட் பார்த்துக்கலாம், மதுரையில பார்க்காங்க" என்றார். கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் இருந்த பழைய கரப்பானையும் பார்த்துவிட்டுக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

அன்று ராத்திரியே மாப்பிள்ளை போனில் வந்தார். அவர் நல்ல பையன். குழந்தைக்கு ஒன்று என்றால் தூக்கம் வராது. "மாமா, முட்டைக்கு மட்டும் எதுக்கு? வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போறாங்க. ஒரே சாம்பிள்ல இருநூறு சாப்பாட்டுக்குப் பார்த்துச் சொல்லிடுவாங்க. பத்தாயிரத்துக்குள்ளதான். எல்லாம் தெரிஞ்சுட்டா நிம்மதி இல்லையா?"

மறுநாள் காலை சம்பந்தியம்மா போன். அவர்கள் கட்சி நேர் எதிர். "ஏழு மாசப் பிள்ளைய ஊசியால குத்தவா? கோமதியம்மன் சந்நிதியில இருந்துக்கிட்டு இப்படிப் பேசலாமா? புத்துமண்ணு எடுத்துப் பூசுங்க, எல்லாம் சரியாயிடும்."

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நான். இரண்டு பேருக்கும் நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. சார்நிலைக் கருவூலத்தில் பட்டியல் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்ற எழுத்தன். ஆனால் இது பாதி மருத்துவ விஷயம் என்றால் பாதி கோப்பு விஷயம்.

அரசாங்கக் கடிதம் எழுதியவர்களுக்குத் தெரியும், மேலே 'பொருள்' என்று ஒரு வரி, அதன் கீழே 'பார்வை' என்று ஒரு வரி இருக்கும். என்ன விஷயம், எதை முன்வைத்துக் கேட்கிறோம். இந்த இரண்டும் இல்லாமல் "எல்லா விவரமும் அனுப்புக" என்று ஒரு புது அதிகாரி ஒரு தடவை எல்லா ஆபீசுக்கும் தாக்கீது அனுப்பினார். மூட்டை மூட்டையாகக் காகிதம் வந்தது. அதில் பாதி தப்பு, மீதி தேவையில்லாதது. அதைப் பிரித்து அடுக்கவே மூன்று மாதம் ஆனது. அதற்குள் அவருக்கு மாற்றலும் வந்துவிட்டது. இருநூறு பண்டத்துக்கு ஒரே டெஸ்ட் என்றதும் எனக்கு அந்த மூட்டைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அந்த ரத்த டெஸ்ட் என்ன பார்க்கிறது என்பதை மாப்பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் ரத்தத்தில் ஐஜிஇ என்று ஒரு புரதம் இருக்கிறது. 1960களின் பிற்பாதியில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி ஒரு பக்கமும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் என்ற இருவர் இன்னொரு பக்கமும். உடம்பு ஒரு பண்டத்தை விரோதியாக எண்ணிவிட்டால் அதற்கென்றே தனியாக ஐஜிஇ செய்து வைத்துக்கொள்ளும். டெஸ்ட் அதைத்தான் எண்ணுகிறது. எண்ணிச் சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் ஐஜிஇ இருப்பவர்கள் எல்லாருக்கும் அந்தப் பண்டம் ஆகாமல் போய்விடுவதில்லை. வாக்காளர் பட்டியலில் பேர் இருப்பதாலேயே ஒருவர் ஓட்டுப் போட்டுவிட்டார் என்று ஆகிவிடுமா?

இது வெளிநாட்டுக் கதை மட்டும் இல்லை. பக்கத்துக் கர்நாடகத்தில் பெங்களூர், மைசூர்ப் பக்கம் பெரியவர்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2016இல் வெளியிட்டார்கள். ரத்தத்தைப் பார்த்தால் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஏதோ ஒரு உணவுக்கு இந்த ஐஜிஇ இருந்தது. சாப்பிட்டால் உண்மையில் தொந்தரவு வரக்கூடியவர்கள் என்று கணக்கிட்டதோ நூற்றுக்கு ஒருவர் சொச்சம்தான். அந்த இடைவெளியைப் பாருங்கள். தொந்தரவு எதுவும் இல்லாத நூறு பேரைப் பிடித்து டெஸ்ட் எடுத்தால், ஒருவரைக் கண்டுபிடிப்பதற்காக இருபது முப்பது பேர் சாப்பாட்டில் மண்ணைப் போட்டுவிடுவோம். அமெரிக்க அலர்ஜி டாக்டர்கள் சங்கமே 2012இல் தன் உறுப்பினர்களுக்கு, கண்டபடி மொத்தமாக ஐஜிஇ டெஸ்ட் எழுதாதீர்கள் என்று அறிவித்திருக்கிறது. டெஸ்ட் எழுதிப் பிழைக்கிறவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் இன்னொரு வகை, ஐஜிஜி என்று ஒன்றைப் பார்க்கும் பாக்கேஜ்கள். அது இன்னும் மோசம். ஐஜிஜி என்பது நாம் அந்தப் பண்டத்தைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். இட்லி தின்று வளர்ந்த பிள்ளைக்கு உளுந்துக்கு ஐஜிஜி இருக்காமல் வேறு எவனுக்கு இருக்கும்? அலர்ஜி கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் டாக்டர் சங்கங்கள் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை பார்த்த பாக்கேஜின் தாளை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னேன். பூதக்கண்ணாடி வைத்து அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். ஐஜிஜிதான். முப்பது வருஷம் பட்டியல்களில் ஆட்சேபணை எழுதியதன் பலன் இந்த வயதிலும் கைகொடுக்கிறது.

பாக்கேஜ் எடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தும் இருக்கிறேன். உறவில் ஒரு பேரன்; ஊரும் லேபும் வேண்டாம். பையனுக்கு ஒரு வயது. கொஞ்சம் கரப்பான், கொஞ்சம் சளி. வேறொன்றும் இல்லை. யாரோ சொல்லி டெஸ்ட் எடுத்தார்கள். பால், கோதுமை, உளுந்து, தக்காளி, வாழைப்பழம் என்று முப்பதுக்கு மேல் சிவப்புக் கோடு. அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்கள். அது வரைக்கும் இட்லியும் பாலும் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்த பிள்ளைக்கு அரிசிக் கஞ்சியும் கேரட்டும்தான் ஆறு மாதம். தாயும் பயத்தில் அதே பத்தியம். எடை ஏறவே இல்லை. கடைசியில் ஒரு வயதான டாக்டரிடம் போனபோது அவர் தாளை வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "இந்த டெஸ்டுக்கு முந்தி இட்லி தின்னானா?" "தின்னான் சார்." "என்ன செஞ்சுது?" "ஒண்ணும் செய்யல." "அப்ப இட்லியைக் குடுங்க." அவ்வளவுதான் வைத்தியம். ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். ஒன்றுமே ஆகவில்லை. பையன் இன்று பள்ளிக்கூடம் போகிறான். ஆனாலும் தக்காளியைக் கண்டால் அவன் அம்மாவுக்கு இன்னும் ஒரு நடுக்கம்.

அதனால் மாப்பிள்ளையிடம் சொன்னேன்: "எல்லாம் தெரிஞ்சா நிம்மதின்னு சொல்றீங்க. வர்றது நிம்மதி இல்ல மாப்பிள்ளை, முப்பது புதுக் கவலை. பிள்ளை சாப்பிட்டு ஒண்ணும் செய்யாத பண்டத்துக்கு டெஸ்ட் எதுக்கு? அவ வயிறே டெஸ்ட் பண்ணிச் சொல்லியாச்சே." கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம், "சரி மாமா, முட்டைக்கு?" என்றார்.

முட்டைக்குக் கட்டாயம் வேண்டும். இங்கேதான் சம்பந்தியம்மாவோடு எனக்குத் தகராறு. பொருளும் பார்வையும் இருக்கிற கோப்பு இது. பண்டம் தெரியும், நேரம் தெரியும், வந்த அறிகுறி தெரியும். சாப்பிட்டுச் சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு கண் வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, இருமல், இழுப்பு, குழந்தை துவண்டு போவது, இவை வந்தால் அது கதை சொல்லும் அலர்ஜி. அப்போது கோயிலுக்கு நேர்ந்துகொண்டு சும்மா இருப்பது பக்தி ஆகாது.

"முதல் தடவை கொடுத்தப்ப ஒண்ணும் ஆகலையே, அப்ப முட்டை எப்படிக் காரணமாகும்?" என்று ஆச்சி கேட்டாள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் எனக்குப் பிரெஞ்சில் கிடைத்தது. பழைய வாசகர்களுக்குத் தெரியும், அப்பா புதுச்சேரியில் மில் வேலையில் இருந்ததால் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். கருவூலத்தில் அந்தப் பிரெஞ்சு ஒரு பைசாவுக்கும் உதவவில்லை. இப்போது உதவியது.

1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர் தன் கப்பலில் விஞ்ஞானிகளைக் கடலுக்கு அழைத்துப் போனார். ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அதில் இருந்தார்கள். சொறிமுட்டை மாதிரியான ஒரு கடல் பிராணியின் விஷத்தைப் பற்றிய ஆராய்ச்சி. பாரிஸ் திரும்பியபின் கடல் சாமந்தியின் விஷத்தை எடுத்து நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழக்கினால் விஷத்தைத் தாங்கும் சக்தி வரும் என்று நினைத்தார்கள். நெப்த்யூன் என்று ஒரு நாய். முதல் ஊசியில் ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி கொஞ்சமாகப் போட்டார்கள். அரை மணிக்குள் நாய் செத்துவிட்டது. பழக்கம் பாதுகாப்பைத் தரும் என்று எதிர்பார்த்தால், பழக்கமே எமனாக வந்தது. காப்புக்கு நேர் எதிர் என்ற பொருளில் அதற்கு அனாஃபிலாக்ஸி என்று 1902இல் பெயர் வைத்தார்கள். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு. அலர்ஜி என்ற சொல்லை வியன்னாவின் குழந்தை டாக்டர் பிர்க்கே 1906இல்தான் உண்டாக்கினார்.

இதை ஆச்சிக்குச் சொன்னேன். "பாவம் நாய்" என்றாள். ஆனால் புரிந்துகொண்டாள். முதல் தடவை உடம்பு ஆளை அடையாளம் பார்த்து வைக்கிறது. அடுத்த தடவைதான் சண்டை.

புத்துமண் விஷயத்தில் எனக்கும் பக்தி உண்டு. நாகசுனையில் கால் நனைத்து, புற்றில் மண் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள் நம் குடும்பங்கள். தோல் வியாதிக்கு இந்த மண்ணை நம்பி எங்கிருந்தெல்லாமோ ஜனம் வருகிறது, வெள்ளியில் பாம்பும் தேளும் வாங்கிச் செலுத்திவிட்டுப் போகிறது. நெற்றியில் பொட்டாக வைக்க டாக்டரும் சிரித்துக்கொண்டே சரி என்றார். வெடித்த கரப்பான் மேலே பூசாதீர்கள், வாயில் போடாதீர்கள் என்றார். சம்பந்தியம்மாவுக்கு அதைப் பக்குவமாகச் சொல்வதற்கு எனக்கு இரண்டு போன்கால் பிடித்தது.

மண்ணைவிட எனக்குப் புதிதாக இருந்தது மாவு விஷயம். லண்டனில் கிடியன் லாக் என்ற டாக்டர் குழு 2003இல் ஒன்று கவனித்தது. நிலக்கடலை அலர்ஜி வந்த குழந்தைகளில் பலருக்கு, கைக்குழந்தையாக இருந்தபோது கரப்பான் தோலில் கடலை எண்ணெய் கலந்த களிம்பு தடவியிருந்தார்கள். வாய் வழியாகப் போகும் பண்டத்தை உடம்பு சாப்பாடாக ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது. வெடித்த தோல் வழியாகப் புகுந்தால் திருடனாகப் பார்க்கிறது என்பது அவர்கள் கருத்து. நம் வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டக் கடலை மாவு, பயத்தமாவு, சில வீட்டில் பாலாடை. நல்ல தோலுக்குச் சரி. தோல் வெடித்து நீர் வடியும் பிள்ளைக்கு டாக்டர் கொடுத்த களிம்பு போதும் என்று மாவு டப்பாவை எடுத்து மேலே வைத்துவிட்டேன். ஆச்சிக்கு இதில் வருத்தம்தான்.

அதே டாக்டர் குழுவால்தான் எங்கள் வீட்டில் அடுத்த கேள்வியும் கிளம்பியது. பேத்திக்கு நிலக்கடலை கொடுக்கலாமா? கோவில்பட்டிக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை கடலை மிட்டாய் தின்னாமல் வளர முடியுமா?

அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கம் 2000இல், அலர்ஜி வரக்கூடிய குடும்பத்துக் குழந்தைக்கு முட்டை இரண்டு வயது வரை வேண்டாம், கடலை மூன்று வயது வரை வேண்டாம் என்று சொன்னது. 2008இல் அந்த அறிவுரையையே எடுத்துவிட்டார்கள், ஆதாரம் இல்லை என்று. அதே 2008இல் லாக் குழு இன்னொன்றைக் காட்டியது. லண்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு, இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளைவிடக் கடலை அலர்ஜி பத்து மடங்கு அதிகம். இஸ்ரேலில் பம்பா என்று ஒரு கடலைப் பொரி. பல் முளைக்கும் முன்பே குழந்தைகள் அதைச் சப்பிக்கொண்டிருக்கும். பிறகு அதிகக் கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேருக்கு ஒரு வயதுக்குள்ளிருந்தே கடலை கொடுத்தும் பாதிப் பேருக்கு ஐந்து வயது வரை கொடுக்காமலும் பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது. கொடுக்காதவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குக் கடலை அலர்ஜி. கொடுத்தவர்களில் 3 பேருக்கு. பயந்து ஒதுக்கி வைத்ததே வியாதியை வளர்த்திருக்கிறது.

இதை வைத்து 2017இல் அமெரிக்காவில், முட்டை அலர்ஜியோ கடுமையான கரப்பானோ உள்ள குழந்தைக்குக் கடலை கொடுக்கும் முன் டெஸ்ட் பாருங்கள், ஆனால் சீக்கிரம் கொடுங்கள் என்றார்கள். 2021இல் அமெரிக்கா, கனடாவின் அலர்ஜி சங்கங்கள் கூடி, முன்கூட்டி டெஸ்ட் கட்டாயம் இல்லை, பெற்றோர் விருப்பம் என்று தளர்த்தின. டெஸ்டுக்குக் காத்திருந்து காத்திருந்து கொடுக்கும் வயதே தள்ளிப் போவது பெரிய நஷ்டம் என்பது ஒரு காரணம். இதெல்லாம் படித்தபோது, அரசாணை வெளியிட்டுத் திருத்த ஆணை வெளியிட்டு, அதற்குத் தெளிவுரையும் வெளியிடுவது நம் துறைக்கு மட்டும் உரியதில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

மதுரைக்குக் காலை ரயிலில் போனோம். அரிப்புக்குக் கொடுக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அது உள்ளே இருந்தால் தோல் உண்மையைச் சொல்லாது. டெஸ்ட் என்று நான் பயந்தது வேறு, நடந்தது வேறு. மகள் மடியில் பிள்ளை. முதுகில் பேனாவால் சின்னப் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மருந்து, அதன் மேல் முள் மாதிரி ஒன்றால் லேசாக ஒரு குத்து. வெறும் உப்புத் தண்ணீர் ஒன்று, தடிக்கவே வேண்டிய ஹிஸ்டமின் ஒன்று. இவை இரண்டும் ஒப்பிட்டுப் பார்க்க. முட்டை வெள்ளைக் கரு ஒன்று. நிலக்கடலை ஒன்று, அதை டாக்டர் எங்களைக் கேட்டுத்தான் சேர்த்தார். தடுப்பூசி அன்று அழும் அழுகையில் கால்வாசிதான் அழுதாள். பதினைந்து நிமிஷம் காத்திருந்தோம். எனக்கு அது பட்டியல் பாஸாகுமா என்று ஜன்னலில் நிற்கும் வாத்தியார்களின் பதினைந்து நிமிஷம்.

முட்டைப் புள்ளி கொசுக் கடி மாதிரி எழும்பியது. டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்தார். ஐந்து மில்லிமீட்டர். உப்புத் தண்ணீரைவிட மூன்று கூடினாலே கணக்கில் எடுப்பார்கள். கடலைப் புள்ளி தட்டையாக இருந்தது.

"இது இல்லைன்னு சொன்னா அநேகமா நம்பலாம். உண்டுன்னு சொன்னா பாதிக்குப் பாதிதான் நம்பலாம். ஆனா உங்களுக்குக் கதையும் இருக்கு, டெஸ்டும் ஒத்துப்போகுது. அதனால முட்டை அலர்ஜிதான்" என்றார். அப்புறம், முக்கால்வாசிக் குழந்தைகளுக்கு இது வளர வளரப் போய்விடும் என்றும், ஒன்பது மாதத்தில் போடும் அம்மைத் தடுப்பூசியை முட்டைக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொன்னார். இந்தக் கடைசி விஷயத்தைப் பேரன் பேத்தி வைத்திருக்கும் எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். முட்டை ஆகாத பிள்ளைக்கும் அந்த ஊசி போடலாம்.

எல்லா ஒவ்வாமையும் இந்தக் குத்தலில் தெரியாது என்பதையும் அவரிடம்தான் கேட்டுக்கொண்டேன். பசும்பாலால் சில கைக்குழந்தைகளுக்கு மலத்தில் ரத்தம் வரும். அதில் ஐஜிஇக்கு வேலையே இல்லை; டெஸ்ட் இல்லை என்றே சொல்லும். அங்கே டாக்டர் சொல்லிப் பாலை நிறுத்திப் பார்ப்பதும் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதும்தான் டெஸ்ட். ஏன், எந்த அலர்ஜிக்கும் கடைசித் தீர்ப்பு என்பது டாக்டர் கண் முன்னால், ஊசி மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பண்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் கொடுத்துப் பார்ப்பதுதானாம். வீட்டில் நாமாக அதைச் செய்து பார்க்கக் கூடாது. மூச்சுத் திணறினால் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

கடலையை ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்து ஆரம்பித்தோம். முழுக் கடலையைக் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் சிக்கும். வறுத்துத் தோல் நீக்கி, வெண்ணெயாக அரைத்து, வெந்நீரில் கரைத்துக் கூழில் கால் ஸ்பூன். மகள் கையில் போன், நான் கையில் கடிகாரம், ஆச்சி பிள்ளையார் படத்துக்கு எதிரே. பத்து நிமிஷம், அரை மணி, இரண்டு மணி. பிள்ளை பாட்டுக்கு என் வேட்டி நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள். இப்போது வாரம் மூன்று நாள் கடலை.

செலவு, ரயில் உட்பட, மாப்பிள்ளையின் பாக்கேஜில் பாதிகூட ஆகவில்லை. அவர் அதற்குப் பிறகு அந்தப் பாக்கேஜைப் பற்றிப் பேசவில்லை. சம்பந்தியம்மா மட்டும் போன வாரம், "ஏதோ அம்மன் புண்ணியத்துல கடலை ஒத்துக்கிச்சு" என்றார்கள். ஆமாம் என்றேன்.

ஒரு வருஷம் கழித்து முட்டைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தேதியை நாள்காட்டியின் கடைசித் தாளுக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன். அது வரை முட்டை எங்கள் வீட்டில் மேல் தட்டில், மூடி போட்ட டப்பாவில். எனக்கு ஆம்லெட் வேண்டுமென்றால் பிள்ளை தூங்கியபிறகு தின்றுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, வாயும் கொப்பளித்துவிட்டுத்தான் அவள் பக்கம் போக வேண்டும் என்று ஆச்சியின் உத்தரவு.